கார்ட் ஐயாவைப் பெற்றவர்

காலை ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே வீரகத்தி கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்விடுவார். பச்சைப் பிளாஸ்ரிக் கதிரை. ஒரு கால் வெடித்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. வாயிலிலிருந்து பத்தடி உள்ளே, வெளிச்சம் முடிந்து இருட்டுத் தொடங்குகிற இடத்தில் அதைப் போட்டு உட்கார்வார். முந்தாநாள் பேப்பரை விரித்து ஊர் கேட்கும்படி உரத்து வாசிப்பார். வாசிப்பு மரண அறிவித்தலில் தொடங்கி மணமகன் தேவையில் முடியும். இதற்கிடையில் இரண்டு தடவையாவது எழுந்து வெளியே வந்து, தண்டவாளப் பக்கம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போவார். உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் வலது கால் சும்மா இருக்காது, தையல் மெசின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

"பாருங்கோ, இருக்கிறன்தானே! என்னை ஆரும் பிடிச்சுத் திண்டவையே?" என்று பாதையால் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

தலையைக் குனிந்துகொண்டு ரயில் மேட்டில் ஏறி, தண்டவாளத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கிப் போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், அரிசி மூட்டையோடு பெண்கள் ஏறுகிறார்கள், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஏறுகிறார்கள். காலுக்குக் கீழே நல்ல வழி ஒன்று நூற்றிருபது வருடமாகத் திறந்து கிடக்கிறது. அதை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை.

மலை இல்லாத வன்னியில் சுரங்கம் எங்கே வந்தது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வேக் கடதாசியில் இது வெறும் மதகு, பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்தான். விளாத்திமோட்டைச் சனங்களுக்கு அது சுரங்கம். ஓமந்தைக்கு வடக்கே, ஏ ஒன்பது வீதியிலிருந்து இரண்டு மைல்கட்டை உள்ளே இருக்கிறது இந்த ஊர். ரயில் மேடு ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இந்தப் பக்கம் வீடுகளும் வயலும், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், கோயில், சங்கக்கடை, தையல் நிலையம். முறையான ரயில் கடவை தெற்கே ஒன்றேகால் கட்டை தூரத்தில். தூர்ந்துபோன பழைய வாய்க்கால் ஒன்று வளைந்து போனதால் அதன்மேல் கட்டிய சுரங்கமும் நடுவில் வளைந்துவிட்டது. ஒரு வாயிலில் நின்றால் மற்ற வாயில் தெரியாது. அறுபதடி நீளம், ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம், உச்சிக் கல்லில் 1904 என்று வெட்டு.

வண்டிலும் மாடும் போவதற்கென்றே கட்டியது. யுத்த காலத்தில் தண்டவாளம் போயிற்று, அதைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகள் பங்கர் என்கிற பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின, மேடு இருபது வருடத்துக்கு மேல் மொட்டையாகக் கிடந்தது. சுரங்கத்தை மட்டும் யாராலும் கழற்றிக்கொண்டு போக முடியவில்லை.

வீரகத்திக்கு அறுபத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு, நீண்ட கை, மடித்துக் கட்டிய சாரம். தகப்பன் தீவுப்பகுதியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டிய ஆள். அவர் விட்டுப்போன மூன்று ஏக்கர் வயலை மகன் இன்றும் செய்கிறார். நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி தேத்தண்ணீர் குடிப்பார். கோயிலில் பூசை நடக்கும்போது மூன்று தடவை வெளியே போய்ச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்து வருவார். மனைவி விமலேஸ்வரி இதைப் பற்றி ஒரே வசனத்தில் சொல்வார்: "கட்டையிலை வைச்சாலும் எழும்பி, விறகு அடுக்கினது சரியோ எண்டு பாக்கிற மனிசன்."

வாய் அதைவிட மோசம். குளத்து முதலையிலிருந்து கூட்டுறவு மனேச்சர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் கதை உண்டு. அவர் கதையில் பாதி நடந்தது, பாதி நடந்திருக்க வேண்டியது. எது எந்தப் பாதி என்று அவரே சில வேளை மறந்துபோவார். சுரங்கத்தில் இருக்கும் கார்ட் ஐயாவை மட்டும் அவர் மறக்கவில்லை. ஏனென்றால் கார்ட் ஐயாவைப் பெற்றவர் அவர்தான். பிறந்த நாளும் இடமும்கூட அவருக்கு நினைவில் உண்டு.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, யுத்தம் முடிந்து ஊர் மீள்குடியேறி மூன்றாம் கிழமை. சுரங்கத்துக்குள் வெடிக்காத பொருட்கள் கிடந்தன. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, வாயிலில் நூல் கட்டி, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் குத்திவிட்டு, மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்கள். மறுநாள் பின்னேரமே பெடியள் அந்தப் பலகையைப் பிடுங்கி வந்து, வெறுங்காணியில் விக்கெற்றாக நட்டுக் கிரிக்கெற் விளையாடினார்கள்.

வீரகத்தி அதைக் கண்டார். ஓடிப்போய்ப் பலகையைப் பறித்தார், ஏசினார், கெஞ்சினார். "வெடிக்குமடா" என்றார். அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஷெல்லும் விமானக் குண்டும் பார்த்துத் தப்பி வந்தவர்கள். ஒருவன், "வெடிச்சா எவ்வளவு உயரத்துக்குப் போகும்?" என்று கேட்டான். மற்றவன் கையால் உயரம் காட்டினான். இவர்களை வெடியால் வெருட்ட முடியாது என்பது வீரகத்திக்கு அந்த இடத்திலேயே விளங்கிற்று.

அன்றைக்கு நிவாரண அரிசி கொடுக்கிற இடத்தில், வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார். தகப்பன் காலத்தில் மெயில் ரயிலின் கடைசிப் பெட்டியில் ஒரு கார்ட் இருந்தார், பச்சைக்கொடி காட்டுகிறவர். சுரங்கத்தடியில் வரும்போது காற்று அவருடைய தொப்பியைப் பறித்தது. எட்டிப் பிடிக்கப் போனவர் விழுந்தார். உடம்பு கிடைத்தது, தலை கிடைக்கவில்லை. இருட்டுக்குள் யார் வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "என்ரை தொப்பியைக் கண்டனியோ?" ஓம் என்றால், "எடுத்துத் தா" என்பார். இல்லை என்றால், "அப்ப உன்ரை தலையைத் தா" என்பார்.

"தலையில்லாத ஆளுக்கு ஏன் தொப்பி?" என்று கேட்டான் உயரம் விசாரித்த அதே பெடியன்.

வீரகத்தி கண் வெட்டாமல் சொன்னார்: "தலை தொப்பிக்குள்ளைதானே கிடக்கு."

அதன்பிறகு ஒரு பிள்ளையும் சுரங்கப் பக்கம் போகவில்லை. மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னவர்கள் ஏழாம் மாதம்தான் வந்தார்கள். உள்ளேயிருந்து பதினொரு பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வீரகத்தி முற்றத்தில் நின்று ஒரு விரலை மடக்கினார். தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இதைப் போல ஒன்று இல்லை என்று அவருக்குப் பெருமை. வேலை முடிந்ததும் வந்தவர்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பேயைக் கழற்ற ஆள் வரவில்லை.

கார்ட் ஐயா வளர்ந்தார். அதுதான் வீரகத்தி எதிர்பார்க்காத சங்கதி. தங்கராசா, பக்கத்து வளவுக்காரர், ஆடு தேடிப் போன இடத்தில் சுருட்டு மணத்தது என்றார். "சுருட்டு நான் வைக்கேல்லை!" என்று வீரகத்தி குதித்தார். இன்னொரு வீட்டில் கார்ட் ஐயா விசில் அடித்தார். வேறொரு வீட்டில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், கிளிநொச்சி ஸ்ரேசனில் பூ விற்றவள். எண்பத்து நான்கு வயது வடிவம்மா ஒருபடி மேலே போய், "என்ரை அப்பு ஐம்பத்தாறாம் ஆண்டிலையே அவரைக் கண்டவர்" என்று சத்தியம் பண்ணினார். பல்கலைக்கழகத்திலிருந்து தயாளினி என்ற மாணவி வந்து எல்லோரிடமும் கேட்டு ஒலிப்பதிவு செய்தாள். வீரகத்தி உண்மையைச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, இந்தக் கதை குறைந்தது நூறு வருடம் பழையது என்று எழுதிக்கொண்டு போனாள்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் ரயில் இல்லாதவரை எதால் கடந்தால் என்ன? பிறகு தண்டவாளம் போட்டார்கள், ரயிலும் வந்தது. ஆனால் மேட்டின்மேல் ஏறிக் கடக்கிற பாதை அதற்குள் தேய்ந்து வெளுத்துவிட்டது, கால்களும் அதற்குப் பழகிவிட்டன. தெற்குப் பக்கம் தண்டவாளம் பாலை மரங்களுக்குள் வளைந்து வருவதால் ரயில் கிட்ட வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் அறிய வேண்டும். முதல் வருடம் இரண்டு மாடு போயிற்று. பிறகு தங்கராசாவின் ஆடுகள் ஒரே தடவையில் ஆறு. வீரகத்தி ஊரெல்லாம் நடந்து, "சுரங்கத்தாலை போங்கோ" என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான். சொல்ல மட்டும்தான் செய்தார். கால் ஆடத் தொடங்கியது சுதாஜினி விஷயத்துக்குப் பிறகு.

சுதாஜினி அவருடைய மருமகள். மகன் பிரசாந்தன் கட்டாரில் வேலை. கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அவன் வீட்டில் நின்ற நாட்களைக் கூட்டினால் எட்டு மாதம் வராது. மிச்ச நாளெல்லாம் மாமன் மாமியோடுதான் இருப்பு. இரண்டாயிரத்து ஒன்பதில், பதினாலு வயதில், முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில் பக்கத்தில் விழுந்த ஷெல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. வாயசைவைப் பார்த்து எல்லாம் விளங்கிக்கொள்வாள். பேச்சு நன்றாகவே இருக்கிறது, கொஞ்சம் உரத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல். தையலில் கெட்டிக்காரி. தினமும் காலையில் சோற்றுப் பொட்டலத்தோடு மேட்டில் ஏறி, தையல் நிலையத்துக்குப் போகிறாள்.

போன வருடம் ஆவணியில் ஒரு புதன்கிழமை. வீரகத்தி வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ரயில் பிந்தியிருந்தது. நேரத்துக்கு வருகிற ரயிலென்றால் அதற்குத் தக்க நடந்துகொள்ளலாம், பிந்துகிற ரயில்தான் ஆளைத் தின்னும். சுதாஜினி மேட்டில் ஏறினாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், தண்டவாளத்துக்கு நடுவில் கால் வைத்தாள். செருப்பு வார் கல்லுக்குள் மாட்டிக்கொண்டது, குனிந்தாள். அப்போது பாலை மரத்துக்குள்ளிருந்து ஹோர்ன் அடித்தது.

வீரகத்தி கத்தினார். அவள் பெயரைச் சொல்லி, தொண்டை கிழியக் கத்தினார். காது கேட்காத பிள்ளையைக் கத்திக் கூப்பிடுகிறோம் என்று அவருக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. ஹோர்ன் ஊர் முழுவதற்கும் கேட்டது, அவளைத் தவிர. அவள் ஆறுதலாக வாரைச் சரிசெய்து, அந்தப் பக்கம் இறங்கி, ஒரு அடி வைத்தாள். காற்று முதுகில் அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். வீரகத்தி தன் நினைவுக்கு வந்தபோது சேற்றுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் கிட்ட வந்திட்டுது, மாமா" என்று மட்டும் அன்று பின்னேரம் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். வீரகத்தியால் ஒரு வாய் இறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மனிதருக்கு ஒரே வேலைதான். தான் பெற்ற பேயைத் தானே கொல்ல வேண்டும். அந்தப் பேய்க்குப் பயந்துதானே பிள்ளை தண்டவாளத்தில் ஏறுகிறாள்? கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, கார்ட் ஐயா என்று ஒருவர் இல்லவே இல்லை, நிவாரண வரிசையில் நின்று நான் அவிழ்த்துவிட்ட புளுகு அது என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார்.

தங்கராசா அனுதாபத்தோடு சொன்னார்: "ஓம் அண்ணை. கார்ட் ஐயா அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவார்."

"நீ பிறக்க முதலே அவர் அங்கை இருக்கிறார், தம்பி. அவரை இல்லையெண்டு சொல்ல நீ ஆர்?" என்றார் வடிவம்மா.

கூட்டத்தால் வந்த அன்றைக்கே கதிரை சுரங்கத்துக்குப் போயிற்று. உள்ளே இருந்து பேப்பர் வாசித்தார், காலைச் சாப்பாட்டை அங்கே கொண்டுவரச் செய்தார், மாட்டைக் கொண்டுபோய்க் கட்டினார், ஒருநாள் துவைத்த சாரத்தைக்கூட உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டார். மூன்று நாளாகியும் அது காயவில்லை. ஊர் இதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டது. தினமும் போய் இருந்தும் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் கார்ட் ஐயா சும்மா பேயில்லை, காவல் தெய்வம். காட்டுப் பாதையில் போகிறவர்கள் ஐயனாருக்கு இலைக் குழை முறித்துப் போடுவது வன்னியில் வழக்கம். யாரோ ஒருவர் சுரங்க வாயிலில் ஒரு குழையைப் போட்டார். அடுத்த நாள் நாலு குழை. ஒரு மாதத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. குழையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் மேட்டில் ஏறித் தண்டவாளத்தைக் கடந்தார்கள். வீரகத்தி வாயிலில் கிடந்த குழையை எல்லாம் அள்ளி எறிந்தார். தங்கராசாவின் மிச்ச ஆடுகளுக்கு அது நல்ல தீனியாயிற்று.

மகனும் உதவவில்லை. வீடியோவில் வந்தவனிடம், "சுரங்கத்தாலை போகச் சொல்லித் தம்பி அவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லு" என்று கேட்டார்.

"என்னப்பா கதைக்கிறியள்? அவளை அதுக்குள்ளாலை விடாதேங்கோ. அங்கை கார்ட் ஐயா எல்லோ!"

"டேய், அது நான் சொன்ன பொய்யடா!"

"நீங்கள் சொல்லேக்கை நான் பக்கத்திலைதானே நிண்டனான். உங்கடை முகத்தைப் பாத்தனான் அப்பா. உது பொய் சொல்லுற முகமில்லை."

முப்பது வயது ஆள், கட்டாரில் பெரிய கட்டடத்துக்கு லிஃப்ட் பூட்டுகிறவன். வீரகத்தி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு முற்றத்தில் நாலு சுற்றுச் சுற்றினார்.

பிறகு அவளோடு கூடவே நடந்தார். காலையில் மேட்டில் ஏறி, கையைப் பிடித்துக் கடத்திவிடுவார். ஒரு மாதம் சுதாஜினி பொறுத்தாள். பிறகு, "நான் என்ன சின்னப்பிள்ளையோ, மாமா?" என்று கேட்டு, அவர் மாட்டை அவிழ்க்கப் போகும் நேரம் பார்த்து முந்திப் போகத் தொடங்கினாள். அவரும் முந்தப் பார்த்தார். வீட்டில் தேத்தண்ணீர் வைக்கிற நேரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, விமலேஸ்வரி விடியற்காலையிலேயே ஏசிக்கொண்டு எழும்பும்படியாயிற்று. ரயில் பிந்துகிற நாட்களில் வீரகத்தி சுரங்கத்துக்கும் மேட்டுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஊரில் சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்து, "கார்ட் ஐயா வாறார்" என்று பகிடி பண்ணினார்கள்.

ஒருநாள் காலை மேட்டடியில் அவளை மறித்துக்கொண்டார். நல்ல வெயில், முகம் துலக்கமாகத் தெரிகிற நேரம். ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து சொன்னார். "பிள்ளை, கார்ட் எண்டு ஒருத்தர் இல்லை. அது நான் சொன்ன பொய். என்னை நம்பி ஒருக்கா உள்ளாலை போ."

சுதாஜினி சிரித்தாள். "எனக்கு உது வந்த கிழமையே தெரியும், மாமா. மாமி சொன்னவா. அதோடை, அவர் தொப்பியைக் கேட்டாலும் எனக்குக் கேக்குமே?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கேள்வி கேட்டு ஆளைப் பிடிக்கிற பேய் காது கேட்காதவளை எப்படிப் பிடிக்கும்? பதினைந்து வருடமாக அந்தக் கதையை உருட்டிப் பிரட்டிய மனிதருக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"அப்ப ஏன் பிள்ளை மேலாலை போறாய்?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "உள்ளுக்கை இருட்டு. வளைவுக்குள்ளை போனா ஒருத்தற்றை வாயும் தெரியாது. நீங்கள் அதுக்குள்ளை இருந்து ஒவ்வொரு நாளும் ஏதோ கத்துறியள். எனக்கு உங்கடை கால் ஆடுறது மட்டும்தான் தெரியும்." பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றினாள். "பங்கருக்குள்ளை எனக்குக் காது போன பிறகு அம்மா ஏதோ சொன்னவா, மாமா. என்ரை முகத்தைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவா. மூச்சு முகத்திலை பட்டது. இருட்டு, வாய் தெரியேல்லை. விடிய அம்மா இல்லை. என்ன சொன்னவா எண்டு இண்டைக்கும் தெரியாது. வாய் தெரியாத இடத்துக்குள்ளை நான் போகமாட்டன். மேலை வெளிச்சம்."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போனாள். வீரகத்தி அவள் தலை மறைகிற வரைக்கும் அசையாமல் நின்றார். அவருடைய கால் அசையாமல் நின்றதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது.

ஒரு வருடம். சங்கத்தில் பேசியாயிற்று, கட்டாருக்குப் பேசியாயிற்று, சுரங்கத்துக்குள் மாட்டைக்கூடக் கட்டிக் காட்டியாயிற்று. வீட்டுக்குள் இருக்கிறவளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் சொன்ன கதைதான் எல்லோரையும் ஆட்டிவைக்கிறது என்ற நினைப்பு, அவ்வளவு ருசியாக இருந்திருக்கிறது மனிதருக்கு. அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் நின்று, விமலேஸ்வரியிடம் அதை அப்படியே சொன்னார்.

"என்னட்டைக் கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பன்" என்றார் விமலேஸ்வரி. "ஆர் உங்கடை கதைக்கு நடுவிலை கதைக்கிறது?"

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓமந்தைக்குப் போய் மூன்று மூட்டை சுண்ணாம்பு கட்டி வந்தார். முதல் நாள் இரண்டு வாயிலையும் மறைத்து நின்ற நொச்சிப் பற்றையை வெட்டினார். இரண்டாம் நாள் மனைவியோடு சேர்ந்து நூறு வருடத்துப் புகைக்கரியையும் வௌவால் எச்சத்தையும் சுரண்டினார். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வெள்ளையடிப்பு, தும்புக்கட்டையால் மூன்று பூச்சு. வளைவு இருக்கிற இடத்தில் மட்டும் நாலு. தண்டவாளம் பார்த்துக்கொண்டு மேலே நடந்து வந்த ரயில்வே ஊழியர் குனிந்து, "என்ன ஐயா செய்யிறியள்?" என்று கேட்டார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு நடந்துவிட்டார்.

கார்ட் ஐயா கனவில் வந்து வெள்ளை கேட்டாராம் என்று ஊரில் கதை பரவிற்று. தங்கராசா வந்து அதை வீரகத்தியிடமே சொன்னார். வீரகத்தி மறுத்துப் பேசவில்லை. "அந்தத் தும்புக்கட்டையை எடும்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை சுதாஜினி பொட்டலத்தோடு சுரங்க வாயிலில் வந்து நின்றாள். காலை வெயில் சுவரில் பட்டு, வளைவில் திரும்பி, அடுத்த பக்கம்வரை போயிருந்தது. வீரகத்தி நட்டநடுவில், முன்பு கும்மிருட்டாக இருந்த இடத்தில் நின்றார். கை இரண்டிலும் சுண்ணாம்பு வெடிப்பு. குரலை உயர்த்தாமல், வாயை மட்டும் நன்றாகத் திறந்து கேட்டார்.

"சோறு கட்டினனியோ?"

"ஓம் மாமா, கட்டினனான்" என்று முப்பதடிக்கு அப்பாலிருந்து உரத்த குரல் வந்தது.

அவள் உள்ளே வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள், சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு. நடுவுக்கு வந்ததும் நின்று மேலே பார்த்தாள். வீரகத்தியால் சும்மா இருக்க முடியுமா? தொடங்கிவிட்டார். இந்தச் செங்கல் எல்லாம் இஞ்சையே சூளை வைச்சுச் சுட்டது, கல் அரிஞ்சது தென்னிந்தியாவிலையிருந்து வந்த ஆக்கள், அவையிலை ஒருத்தன் குளத்திலை முதலையைக் கண்டு… சுதாஜினி அவர் வாயைப் பார்த்தபடி நின்றாள். திடீரென்று கையை உயர்த்தினாள்.

"மாமா, கோச்சி."

வீரகத்தி ரயில் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை, வெளியே ஒரு செண்பகப் பறவை மட்டும் கத்தியது. "இல்லைப் பிள்ளை. இண்டைக்கும் பிந்தும்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை முழுவதையும் சுவரில் அழுத்தினாள். "வருது" என்றாள்.

ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் போயிற்று. பிறகு எங்கோ தூரத்தில், பாலை மரங்களுக்கு அப்பால், ஹோர்ன் மெல்லிதாகக் கேட்டது. வீரகத்தி முதலையை அப்படியே விட்டுவிட்டு, சுண்ணாம்புக் கையைச் சாரத்தில் துடைத்து, அவள் கைக்குப் பக்கத்தில் சுவரில் வைத்தார்.